முதலில என்ர கை, பிறகு உன்ர முகம்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஒட்டுசுட்டானில் இருந்து ஃபோன் எடுத்து, "என்னைக் கேட்டே போட்டனீ?" என்று ஒரு மணித்தியாலம் ஏசுவார். ஏசிக் களைத்த பிறகு, "சரி, என்ன எழுதினனீ, வாசி பாப்பம்" என்பார். வாசித்தால் வரிக்கு வரி பிழை பிடிப்பார். எனக்கு இந்த வயதில் அந்த அலுப்பு வேண்டாம். அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் முகத்தில் தொடங்க முடியாது. இடது கையில்தான் தொடங்கவேண்டும். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை, உள்பக்கத்தில், சதக்காசு அளவில் சின்னச் சின்ன வட்டங்கள். ஒன்று சிவந்திருக்கும். ஒன்று தோல் உரிந்து கிடக்கும். இன்னொன்றுக்கு எதுவுமே நடந்திருக்காது. ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் நீலப் பேனையால் ஓர் இலக்கம். எந்தக் கிறீம், எந்த லோஷன், எந்தத் தலைமயிர்ச் சாயம் புதிதாக வந்தாலும் முதலில் அந்தக் கையில்தான் விழும். இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அது ஒரு வாடிக்கையாளரின் முகத்துக்குப் போகும், அல்லது குப்பைக்குப் போகும். பெரும்பாலும் குப்பைக்குத்தான் போனது. கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "முதலில என்ர கை, பிறகு உன்ர முகம்."

ஒருநாள் கிளிநொச்சி பஸ்ஸில் கொண்டக்டர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கையில பாடமாக்க எழுதிக்கொண்டு போறியளோ, சோதினையோ?" என்று கேட்டான். "ஓம் தம்பி, இதில மூண்டாம் கேள்வி பெயில்" என்று சிவந்திருந்த வட்டத்தைக் காட்டினார். பஸ் முழுக்கச் சிரித்தது.

இப்படிப்பட்ட மனுசி ஒரு பியூட்டி பார்லர் நடத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் ஸ்கந்தபுரம் சந்தியில் நடந்தது. போதாக்குறைக்கு அந்தப் பார்லருக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. வளையல், ரிப்பன், சோப்பு, பவுடர், முகத்துக்குப் பூசுகிற சகல கிறீமும் விற்கிற ஃபான்சி கடை. ஒரே கட்டடத்தை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். பலகை கூரை வரைக்கும் போகவில்லை. அதுதான் என் தலைவிதி. நான் கடையில் வாய் திறந்தால் போதும், பலகைக்கு மேலால் மறுமொழி வந்துவிடும்.

"இது பூசினா ஏழு நாளில வெள்ளை" என்று நான் ஒரு பெட்டையிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"எட்டாம் நாள் என்ன நிறமெண்டும் கேள் பிள்ளை!" என்று அங்கிருந்து குரல் வரும்.

பெட்டை டப்பியை வைத்துவிட்டு ரிப்பனோடு போய்விடுவாள். எனக்குப் பத்தி எரியும். "உங்கட வேலையைப் பாருங்கோவன் அக்கா!" என்று பலகையில் அடிப்பேன். "அதைத்தான் பாக்கிறன், முகம் பழுதானா என்னட்டத்தானே வரப்போகுதுகள்" என்பார். மத்தியானம் சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குள்ளேயே வந்து கதிரையை இழுத்துப் போட்டுச் சாப்பிடுவார். என் சாமான்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, என் சாமான்களையே குறை சொல்வார். அவரிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. ஒரு கையால் சோற்றைக் குழைத்துக்கொண்டு மறுகையால் போத்தலின் பின்பக்கத்தைக் கண்ணாடியால் வாசிப்பார். வாசிக்க முடியாத எழுத்து என்றால் அவருக்கு அந்தச் சாமானில் உடனே சந்தேகம்.

"நல்லதைப் போட்டவன் பெரிசா எழுதுவான். இவன் ஏன் எறும்புக்கு எழுதியிருக்கிறான்?"

"வாசத்துக்கு எண்டு ஒரு சொல் போட்டிருக்கு. அந்த ஒரு சொல்லுக்குள்ள எத்தினை சாமான் ஒளிச்சு வச்சிருக்கிறானோ, அவனுக்கே தெரியாது."

அக்கராயனில் இருந்து ஒரு தாய் கைக்குழந்தையோடு தலைமயிர் வெட்ட வந்தாள். குழந்தையின் கழுத்து, கக்கம், முகம் எல்லாம் பவுடர் அப்பியிருந்தது. அக்கா கிட்டப் போய்ப் பார்த்தார். "என்ன பிள்ளை, மாப் புரட்டிக்கொண்டு வந்திருக்கிறாய், பொரிக்கப் போறியோ?" என்றார். தாய்க்கு முகம் கறுத்துவிட்டது. அக்கா விடவில்லை. குழந்தையை வாங்கி, நனைத்த துணியால் துடைத்து, வேட்டித் துண்டால் ஒற்றி, "உந்தத் தூள் மூக்குக்கால போய் நெஞ்சுக்குள்ள இருக்கும். பிள்ளைக்கு வேர்த்தா துடை. அவ்வளவுதான். பிள்ளைக்குப் பிள்ளை மணம் போதும்" என்றார். குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. தாய் சிரித்துவிட்டாள். நான் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று அரைப் பெட்டி பேபி பவுடரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

இன்னொரு தாய் மகளைக் கல்யாணத்துக்கு முதல் கூட்டிக்கொண்டு வந்து, "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்றா. "அம்மா, பெத்தது நீங்கள், நிறத்தில பிழையெண்டா என்னட்ட ஏன் கொண்டு வாறியள்?" என்றார் அக்கா. வியாபாரம் செய்யத் தெரியாத மனுசி என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அப்படிச் சொல்லித் திரிந்த எனக்குத்தான் முப்பத்திநாலு வயதில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. சுவிஸ் மாப்பிள்ளை. வயது நாற்பத்தொன்று. படத்தில் தலைமயிர் கன்னங்கரேல் என்று இருந்தது. நானும் கன்னங்கரேல்தான், ஆனால் தலைமயிரில் மட்டும் இல்லை. அம்மா என்னைப் பெற்றதும், "பிள்ளை வடிவு, ஆனா நிறம் காணாது" என்று யாரோ சொன்னார்களாம். முப்பத்திநாலு வருடமாக எனக்கு முன்னால் போகும் வசனம் அது. நான் போகும் வீடெல்லாம் அது முதலே போய் இருக்கும். ஆகவே வீடியோ கோலில் முகத்தை மினுக்கிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டுதான் அவரோடு கதைத்தேன். திரையில் நான் பால்கோவா நிறம். அவர், "நீங்கள் நல்ல வெளிச்சமான இடத்தில இருக்கிறியள் போல" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மாதத்தில் நேரில் வருகிறார். திரையில் இருக்கிறவளை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

என் கடையிலேயே இருந்தாள் அவள். பெயர் இல்லாத, லேபல் இல்லாத, மூடியில் ஒரு பொம்பிளையின் படம் மட்டும் ஒட்டிய வெள்ளை டப்பி. கொழும்பில் இருந்து சாமான் கொண்டு வருகிறவன், "இது ஸ்பெஷல், தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும் குடுங்கோ" என்று தந்தது. எனக்கு என்னைவிடத் தெரிந்த ஆள் யார்? பூசினேன். முதல் மாதம், ஐயோ, என்ன சொல்ல! கண்ணாடியில் ஒரு வெள்ளைக்காரி. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா.

அக்கா மட்டும் சாப்பிட வந்த இடத்தில் என் முகத்தைப் பார்த்துச் சோற்றைக் குழைப்பதை நிறுத்தினார். "என்ன பூசிறாய்?" என்றார். "ஒண்டுமில்லை, நித்திரை வடிவாக் கொள்ளிறன்" என்றேன். "இவ்வளவு கெதியா வேலை செய்யிற நித்திரையை நான் காணேல்லை" என்றார். அடுத்த நாளே அந்த டப்பியில் ஒன்றை ஒரு வாடிக்கையாளரை விட்டு என் கடையிலேயே வாங்கி, இடது கையில் பூசி, ஏழாம் இலக்கம் போட்டுவிட்டார். எனக்குத் தெரியாது.

இரண்டாம் மாதம் வெயில் பட்டால் முகம் எரிந்தது. மூன்றாம் மாதம் கன்னம் இரண்டிலும் சின்னச் சின்னக் கட்டி. தோல் வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசாகி உள்ளே சிவப்பு நரம்பு தெரிந்தது. பூசாமல் விட்டால் இன்னும் மோசம், பூசினால் ஒருநாள் அடங்கும். பூசு, எரி, பூசு, எரி. மாப்பிள்ளை வர இன்னும் பத்து நாள். நான் குசினி அடுப்படியில் நின்று அழுதேன். முகத்தைக் கண்டால் அந்த மனுசன் வந்த பிளேனிலேயே திரும்பிப் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கடைசியில் பின்கதவால் பார்லருக்குள் போய் முக்காட்டை எடுத்தேன்.

அக்கா ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயம் தந்தது. கதிரையில் இருத்தி, ரியூப் லைட்டைப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, தொடாமல் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டினார். ஏழாம் வட்டம் பளிச்சென்று வெளிறி, நடுவில் சிவந்து கிடந்தது.

"ரெண்டு மாதமா நானும் பூசிறன், போன கிழமைதான் சிவந்தது. உன்ர கிறீமுக்குள்ள பாதரசம் இருக்கலாம். முந்திக் காய்ச்சல் பாக்கிற கோலுக்குள்ள இருந்ததே, அது. தோலால உள்ள போய் கிட்னியைப் பிடிக்கும். இல்லாட்டி டொக்டர்மார் எழுதித் தாற பலத்த மருந்தைக் கலந்திருப்பான். இல்லாட்டி ரெண்டும். லேபல் இல்லாதவனிட்ட ஆர் கேக்கிறது?" டப்பியின் மூடியைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் படத்தில சிரிக்கிறவள் இதைப் பூசினவள் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

பார்லரைப் பூட்டிவிட்டு என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனார். டொக்டர் டப்பியை மணந்து பார்த்து, தலையை ஆட்டி, மருந்து எழுதி, சிறுநீரும் சோதிக்கச் சொன்னார். வழி நெடுக அக்கா ஹெல்மெட்டுக்குள் இருந்து சட்டம் இயற்றினார்: "தண்ணி, டொக்டர் தந்த மருந்து, வெயிலுக்குக் குடை. நாலாவது சாமான் உன்ர முகத்துக்குக் கிட்ட வரக்கூடாது. விளங்குதோ?"

நாலாவது சாமான் வீட்டில் காத்திருந்தது. அம்மா எலுமிச்சம்புளியும் மஞ்சளும் குழைத்து வைத்திருந்தா. "இது இயற்கை, ஒண்டும் செய்யாது" என்றா.

"பட்டா அரிச்சுத் தடிக்கிற காஞ்சோண்டியும் இயற்கைதான் அம்மா. பிடுங்கித் தரட்டே, ஒருக்கா முகத்தில தேயுங்கோ பாப்பம்" என்றார் அக்கா. அம்மா கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டா. மஞ்சள் அன்றைக்குக் கத்தரிக்காய்க் கறிக்குப் போனது.

சிறுநீர்ச் சோதனையில் பிழை ஒன்றும் இல்லை என்று வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் முகம் அப்படியே எரிந்துகொண்டிருந்தது, நாள் மட்டும் ஓடியது. நான் அக்காவிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு நாள். அவர் வாற அண்டைக்கு மட்டும் தடிப்பா மேக்கப் போட்டு மூடி விடுங்கோ."

"புண்ணுக்கு மேல சீமெந்து பூசேலாது."

"அவர் பாத்திட்டுப் போயிடுவார் அக்கா!"

"உண்மையைச் சொல்லு. இப்பவே படம் எடுத்து அனுப்பு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "நீங்களும் ஒரு பார்லர் எண்டு போர்ட் போட்டிருக்கிறியள்! ஆரையும் வடிவாக்க மாட்டியள், வடிவாக்கிறவையையும் விடமாட்டியள். என்ர வாழ்க்கையைக் கெடுக்கத்தான் பலகைக்கு அங்கால வந்து குந்தியிருக்கிறியள்!" என்று கத்தினேன்.

அக்கா கதிரையில் இருந்தார். "நான் முந்தி வவுனியாவில ஒரு பார்லரில வேலை செய்தனான். பதின்மூண்டு வயசுப் பிள்ளை, பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு. முதலாளி ஒரு கிறீமைத் தந்து பூசச் சொன்னவா. நானும் என்ன ஏதெண்டு கேக்கேல்லை, பூசினன். ரெண்டு மணித்தியாலத்தில ஒரு கன்னம் பொங்கீட்டுது. வீடியோ முழுக்க அந்தப் பிள்ளை ஒரு பக்கம் திரும்பித்தான் நிண்டது. 'அன்ரி, இந்தப் பக்கம் சரியோ'ண்டு என்னைத்தான் கேட்டது."

அன்றைக்கு மட்டும் நாங்கள் இரண்டு பேரும் பகிடி விடவில்லை. ஆனாலும் நான் மாப்பிள்ளைக்குப் படம் அனுப்பவில்லை. பயம் பயம்தானே.

அந்த மனுசன் நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். பெரியாட்களோடு, பழத்தட்டோடு, சொன்ன நாளில் வந்திருக்கலாம். சொன்ன நாளுக்கு முதல் நாள், தனியாக, என் கடை வாசலில் வந்து இறங்கினார். நான் குடைகள் தொங்கும் மூலைக்குள் ஒளித்துக்கொண்டேன். எட்டிப் பார்த்தேன். தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்து, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வன்னி வெயிலுக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

"இது... அவையின்ர கடைதானே?" என்று குடைகளிடம் கேட்டார்.

குடைகள் பேசவில்லை. பலகைக்கு மேலால் அக்காவின் குரல் வந்தது. "ஆர் அங்க?" மறுநிமிடம் ஆளே வந்துவிட்டார். வந்தவர் மாப்பிள்ளையின் காதுமடலைத்தான் முதலில் பார்த்தார். அது சிவந்து தடித்து, ஓரத்தில் கறுப்புக் கோடு வழிந்திருந்தது.

"தம்பி, தொப்பியைக் கழட்டுங்கோ."

"இல்லை, பறவாயில்லை அக்கா..."

"கழட்டும் எண்டுறன்!"

கழற்றினார். கண்ணாடியையும் எடுத்தார். நெற்றி பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. ஒரு கண் பாதிதான் திறந்தது. கொழும்பில் இறங்கிய உடனே, எங்களைப் பார்க்க வருகிறதுக்கென்று சலூனில் போய்த் தலைக்கு டை அடித்திருக்கிறார். அது கோபித்துவிட்டது. இந்த முகத்தோடு நாளைக்குச் சபையில் இருக்க ஏலாது, முதலே பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிடுவோம் என்றுதான் வந்தாராம். பாவம், எங்கள் ஊரில் பயம் பெண்களுக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன்.

அக்காவுக்கு மாப்பிள்ளை, மரியாதை, முதல் வருகை எல்லாம் மறந்துவிட்டது. "கையில பூசிப் பாத்தனீரோ? காதுக்குப் பின்னால கொஞ்சம் வச்சுப் பாத்தனீரோ? ரெண்டு நாள் பொறுத்தனீரோ? சுவிஸில இதொண்டும் சொல்லித் தரேல்லையோ? மூச்சு முட்டுதோ? இல்லையோ? நல்ல காலம்! கண் வீங்கினா விளையாட்டில்லை, நடவும் ஆஸ்பத்திரிக்கு!" என்று ஏசிக்கொண்டே, முதலில் பார்லருக்குள் இழுத்துக்கொண்டுபோய்த் தலை கழுவுகிற பேசினில் அவர் தலையை அமத்திக் கழுவினார். நனைந்த தலையோடு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குடைகளுக்குள் இருந்து வெளியே வந்து பார்லர் வாசலில் நின்றிருந்தேன். என் சிவந்த கன்னமும், கட்டியும், எல்லாமாக.

அவர் பார்த்தார். நான் பார்த்தேன். "உங்களுக்கும் டையோ?" என்றார்.

எங்கள் பெண்பார்த்தல் நடந்தது தோல் கிளினிக்கின் நீட்டு மர வாங்கில். நடுவில் அக்கா, இரண்டு பக்கமும் நாங்கள். நோயாளருக்குத் துண்டு எழுதுகிற பிள்ளை எங்கள் முகங்களைப் பார்த்து, "ஒரே வீடோ? ஒரே சாமானோ பூசினனீங்கள்?" என்று கேட்டாள். அக்கா, "இன்னும் ஒரே வீடில்லை, பேச்சு நடக்குது" என்றார்.

"எனக்குத் தலை முழுக்க நரை" என்றார் அவர், அக்காவின் தலைக்கு மேலால்.

"நான் கறுப்பு" என்றேன். முப்பத்திநாலு வருடத்தில் அதை நானாக ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல்.

"அது தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"பேப்பர் அலுவலுக்கெண்டு உங்கட அம்மா அடையாள அட்டைக் கொப்பி அனுப்பினவா. அந்தப் படத்தைப் பாத்துத்தான் ஓம் எண்டனான்."

அடையாள அட்டைப் படம்! எவளுக்கும் அதில் முகம் முகமாக இருந்ததில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு வெட்கமும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இந்த மனுசனைக் கட்டவேண்டும் என்று அந்த வாங்கில்தான் எனக்கு உண்மையிலேயே ஆசை வந்தது.

கல்யாணத்தை ஒரு மாதம் தள்ளிப் போட்டோம். மிச்சமிருந்த டப்பிகளைக் குளத்தில் எறியப் போனேன். அக்கா ஸ்கூட்டியில் துரத்தி வந்து பிடித்தார். "மீனுக்கும் கல்யாணம் பேசியிருக்கோ?" என்று கேட்டுப் பறித்துக்கொண்டுபோய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்படைத்தார். அதற்குப் பிறகும் பெட்டைகள் என் கடைக்கு வந்து அந்த டப்பியைக் கேட்டார்கள். நான் குடை எடுத்துக் காட்டினேன். ஒருத்தி என்னை விசரி என்றாள்.

கல்யாணத்தன்று விடிய அக்காதான் என்னை அலங்கரித்தார். முகம் ஆறியிருந்தது, பழைய நிறம் திரும்பியிருந்தது. அறை நிறையச் சொந்தக்காரப் பெண்கள். "என்ன வெளிச்சம் முகத்தில!" "இப்ப நல்லா நிறம் வச்சிட்டாள்!" "கண்ணூறு படப்போகுது!" மணப்பெண்ணுக்கு எல்லோரும் சொல்கிற பொய்தான். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அது தேவையாக இருந்தது. குனிந்து என் நெற்றிக்குப் பொட்டு வைக்க வந்த அக்காவிடம், மற்றவர்களுக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் வெள்ளையாத் தெரியிறனோ?"

கையை நிறுத்தி, தலையைச் சரித்து, ரியூப் லைட்டுக்கு நேரே என் முகத்தைத் திருப்பி, வடிவாகப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "ஆடாமல் இரு, பொட்டு கோணப்போகுது."

எனக்கு வந்த சிரிப்பில் பொட்டு கோணித்தான் போனது. கண்மையும் வழிந்தது. நாதஸ்வரக்காரர் இரண்டாம் தரமும் கூப்பிட்டு விட்டார்கள். அக்கா ஏசிக்கொண்டே எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் திரும்ப முதலில் இருந்து தொடங்கினார்.